முட்டி எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு இன்ஃபெக்‌ஷன்: இரண்டாவது பில்லுக்கு உங்க பாலிசியில் பணம் மிச்சம் இருக்குமா?



ஹெல்த் இன்ஷூரன்ஸ் பற்றி எப்போது வீடியோ போட்டாலும் ஒரே கேள்வி வேற வேற வடிவத்தில் வந்துகிட்டே இருக்கு. "பைக்கில் விழுந்து முட்டிக்குக் கீழே எலும்பு உடைஞ்சது. பிளேட் வச்சாங்க. கிளெய்ம் கிடைச்சது. ஒன்றரை மாசம் கழிச்சு தையல் போட்ட இடத்தில் சீழ். மறுபடி அட்மிட். இப்போ பாலிசியில் இவ்வளவுதான் பாக்கி, மீதியை நீங்க கட்டுங்கன்னு சொல்றாங்க. இது சரியா?"

பெரும்பாலும் சரிதான். அதுதான் பிரச்சினையே. முதல் ஆபரேஷனிலேயே காப்பீட்டுத் தொகையில் பாதிக்கு மேல் போயிருக்கும். இரண்டாவது முறை ஆஸ்பத்திரி வாசலை மிதிப்போம் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் யாருக்கு இன்ஃபெக்‌ஷன் வர வாய்ப்பு அதிகம் என்பது விபத்து நடந்த முதல் சில நாட்களிலேயே ஓரளவு தெரிந்துவிடும். அதை அப்போதே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், கையில் இருக்கிற கவரை எப்படிச் செலவழிப்பது என்பதை மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பதிவு அதற்காகத்தான்.

நான் சி.ஏ., டாக்டர் இல்லை. மருத்துவம் சம்பந்தமாக இங்கே சொல்வதெல்லாம் வெளியான ஆய்வுகளிலும் வழிகாட்டுதல்களிலும் இருப்பவை. உங்க காலுக்கு என்ன செய்யணும் என்பதை உங்க ஆர்த்தோ டாக்டர்தான் சொல்லணும். பில் பக்கம் மட்டும்தான் என் ஏரியா.

எந்த எலும்பு, எவ்வளவு ரிஸ்க்

'முட்டி உடைஞ்சிருச்சு' என்று நாம் சொல்வதில் மூன்று விதம் இருக்கு. முன்னால் மூடி மாதிரி இருக்கும் முட்டிச் சில்லு உடையலாம். தொடை எலும்பின் அடிமுனை உடையலாம். கீழ்க்கால் எலும்பின் மேல்முனை உடையலாம். கடைசியாகச் சொன்னதை டாக்டர்கள் டிபியல் பிளாட்டோ என்பார்கள். தொடை எலும்பு உட்காரும் பலகை அது. பைக் காலின் மேல் சாயும்போதும், கார் பம்பர் பக்கவாட்டில் இடிக்கும்போதும் இந்தப் பலகைதான் நொறுங்குகிறது.

முட்டிக்குக் கொஞ்சம் கீழே, காலின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க. தோல், அதற்கு அடியில் நேராக எலும்பு. நடுவில் சதை என்று சொல்ல எதுவும் இல்லை. அந்த இடத்தில் தோல் நசுங்கினாலோ வீங்கினாலோ, உள்ளே வைக்கும் பிளேட்டை மூடிக் காப்பாற்ற வேறு போர்வை கிடையாது. இன்ஃபெக்‌ஷன் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எண்கள் பார்ப்போம். 2024-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஆபரேஷனுக்கு முன் தோலைச் சுத்தம் செய்யும் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டார்கள். கால், இடுப்பு எலும்பு உடைந்து, தோல் கிழியாமல் இருந்தவர்கள் 6,785 பேர். அவர்களில் இன்ஃபெக்‌ஷன் வந்தது ஒரு மருந்தில் 2.4 சதவீதம், இன்னொன்றில் 3.3 சதவீதம். தோல் கிழிந்த முறிவுகளில் அதே கணக்கு 6.5, 7.3 சதவீதம். எந்த மருந்து போட்டார்கள் என்பதைவிட, தோல் கிழிந்ததா இல்லையா என்பதுதான் எண்ணை இரண்டு மடங்குக்கு மேல் மாற்றுகிறது.

அமெரிக்காவில் 980 பேரை வைத்து நடந்த வேறொரு ஆய்வு 2021-ல் வெளியானது. டிபியல் பிளாட்டோவோ கணுக்கால் பக்க முனையோ மோசமாக உடைந்து, இன்ஃபெக்‌ஷன் ரிஸ்க் அதிகம் என்று முன்கூட்டியே கருதப்பட்டவர்களை மட்டும் எடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 9.8 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் ஆழமான இன்ஃபெக்‌ஷன் வந்தது. கிட்டத்தட்ட பத்து பேரில் ஒருவர். நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரிகளிலேயே இந்த நிலைமை.

பத்தில் ஒன்று என்பது பெரிய ரிஸ்க்கா? வீடு தீப்பிடிக்க வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுகூட இருக்காது, அதற்கும் நாம் பாலிசி எடுக்கிறோம். அந்த அளவுகோலில் பார்த்தால் இது ரொம்பப் பெரிசு.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்திருந்தால் ரிஸ்க் முதல் இடத்தில். டிபியல் பிளாட்டோ பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குகளில் இது 3 மடங்குக்கு மேல் வருகிறது. இங்கே நேரம் முக்கியம். ஆன்டிபயாடிக் ஊசி முடிந்தவரை ஒரு மணி நேரத்துக்குள் போகணும் என்கிறது பிரிட்டன் எலும்பு மருத்துவர்களின் வழிகாட்டுதல். நெட்வொர்க் ஆஸ்பத்திரி எது, கேஷ்லெஸ் கிடைக்குமா என்று ஆம்புலன்ஸில் உட்கார்ந்து ஊரைச் சுற்ற வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஊசி போடட்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இதற்காகவே இருக்கு. முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம்.

அடுத்தது கெண்டைக்கால் சதை உள்ளுக்குள்ளேயே வீங்கி, ரத்த ஓட்டத்தை நெரித்துவிடும் நிலை. காம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பார்கள். காலைக் காப்பாற்ற டாக்டர் தோலை நீளமாகக் கீறி அழுத்தத்தைக் குறைப்பார். அந்தக் காயம் சில நாள் திறந்தே இருக்கும். இதிலும் ரிஸ்க் 3 மடங்குக்கு மேல். இந்த இடத்தில் ஒரு வார்த்தை. நம்ம ஊரில் எலும்பு உடைந்தால் கட்டுப்போட ஓடும் பழக்கம் இன்னும் இருக்கு. வீங்குகிற முட்டியில் இறுக்கமாகக் கட்டுப்போட்டால் இதே ஆபத்து வரும். தோல் கிழிந்த இடத்தில் பச்சிலை, எண்ணெய் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த 500 ரூபாய் கட்டு பின்னால் லட்சங்களில் வந்து நிற்கும்.

ஆபரேஷன் நீண்ட நேரம் நடந்தால் ரிஸ்க் ஏறத்தாழ 2 மடங்கு. இதை நாம் கட்டுப்படுத்த முடியாது. எலும்பு எவ்வளவு நொறுங்கியதோ அவ்வளவு நேரம் ஆகும். ஆனால் இந்த மாதிரி முறிவை அடிக்கடி செய்யும் டாக்டரா, இல்லை வருஷத்துக்கு ஒன்று செய்பவரா என்று கேட்கலாம். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று கூச்சப்படாதீங்க. வீட்டுக்கு டைல்ஸ் போட மேஸ்திரியிடம் பத்துக் கேள்வி கேட்கிறோமே!

ஆய்வுகளில் இன்னொன்றும் வரும்: வெளியில் கம்பிச் சட்டம் மாட்டியவர்களுக்கு இன்ஃபெக்‌ஷன் அதிகம். இதைப் பார்த்து 'கம்பி வேண்டாம் டாக்டர்' என்று சொல்லிடாதீங்க. மோசமாக உடைந்த காலுக்குத்தான் கம்பி மாட்டுகிறார்கள், அந்தக் கால்களுக்கு ரிஸ்க் ஏற்கெனவே அதிகம். வருமான வரி நோட்டீஸ் வந்தவர் வீட்டுக்கு ஆடிட்டர் அடிக்கடி வந்து போவார். அதற்காக ஆடிட்டர் வந்ததால்தான் நோட்டீஸ் வந்தது என்று சொன்னால் நான் ஒத்துக்க மாட்டேன்.

நம் கையில் இருப்பவை சிகரெட்டும் சர்க்கரையும். புகை பிடிப்பவருக்கு ரிஸ்க் ஏறத்தாழ 2 மடங்கு. நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், காயத்துக்கு ஆக்சிஜன் போகாது. விபத்து நடந்த பிறகு நாலு வாரம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும் என்று சொல்லிப் பயனில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து எலும்பு கூடும் வரைக்கும் ஒன்றுகூட வேண்டாம். பார்க்க வரும் நண்பர் கீழே டீக்கடைக்குக் கூட்டிப் போகாமல் பார்த்துக்கொள்வது வீட்டில் இருப்பவர்கள் வேலை.

சர்க்கரை விஷயத்தில் அமெரிக்காவின் சி.டி.சி. 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆபரேஷன் சமயத்தில் ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கணும் என்கிறது. சர்க்கரை நோய் இருப்பவர், இல்லாதவர் இருவருக்குமே இந்த அளவுதான். நம்ம ஊரில் நிறைய பேருக்கு சர்க்கரை இருப்பதே விபத்து நடந்து அட்மிட் ஆகும் அன்றைக்குத்தான் தெரிகிறது. எச்.பி.ஏ1சி டெஸ்ட் எடுத்தாச்சா என்று முதல் நாளே கேளுங்க. இந்தச் சர்க்கரை பாலிசியையும் தொடும், அதற்குப் பிறகு வருகிறேன்.

வீக்கம் வடியக் காத்திருப்பதும் ரூம் வாடகையும்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்க.

மோசமான முறிவில் டாக்டர் உடனே பிளேட் வைக்க மாட்டார். வெளியில் கம்பிச் சட்டம் மாட்டி, வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும் வரைக்கும் காத்திருப்பார். ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். வீங்கிய தோலைக் கீறினால் தையல் கூடாது, காயம் பிரியும், கிருமி நேராக பிளேட் மேல் போய் உட்காரும். உட்கார்ந்த கிருமி தன்னைச் சுற்றி ஒரு படலம் கட்டிக்கொள்ளும். அதற்குள் ஆன்டிபயாடிக் சரியாகப் போகாது. அதனால்தான் வெறும் மாத்திரையில் தீராமல் மறுபடி ஆபரேஷன் வருகிறது.

ஆனால் அந்தக் காத்திருப்பு நாட்களில் குடும்பத்துக்கு என்ன தோன்றும்? 'சும்மா படுக்க வச்சு ரூம் வாடகை போடறாங்க.' சிலர் சண்டை போட்டு டிஸ்சார்ஜ் வாங்கி, நாளைக்கே ஆபரேஷன் பண்ணித் தருகிறேன் என்று சொல்லும் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பணக் கணக்கிலும் இது தப்பான முடிவு. எட்டு நாள் காத்திருப்புக்கு நாளைக்கு 5,000 வாடகை என்றாலும் 40,000. இன்ஃபெக்‌ஷன் பில் அதைப் போல எத்தனை மடங்கு என்று கீழே பார்க்கப் போகிறோம்.

செய்ய வேண்டியது இரண்டு. கம்பி மாட்டிய பிறகு வீட்டுக்குப் போய், வீக்கம் வடிந்ததும் திரும்ப வரலாமா என்று டாக்டரிடம் கேளுங்க. சிலருக்கு இது முடியும், சிலருக்கு முடியாது. உள்ளேயே இருக்கணும் என்றால், ஏன் காத்திருக்கிறோம் என்று கேஸ் ஷீட்டில் காரணத்தோடு எழுதச் சொல்லுங்க. 'ஆபரேஷனுக்கு முன் இத்தனை நாள் எதற்கு' என்று இன்ஷூரன்ஸ் பக்கம் கேள்வி வந்தால் அந்த ஒரு வரிதான் பதில்.

ரூம் தேர்வும் இங்கேதான் கடிக்கும். பாலிசியில் ரூம் வாடகை வரம்பு 5,000 என்று இருந்து, நீங்க 8,000 ரூபாய் ரூம் எடுத்தால் நஷ்டம் 3,000 மட்டும் இல்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் சார்ஜ் எல்லாம் எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும். மருந்து, பிளேட், ஸ்க்ரூ, ஸ்கேன், டெஸ்ட் ஆகியவற்றில் இந்த வெட்டு போடக்கூடாது என்பது விதி. போட்டிருந்தால் எழுத்தில் கேட்டு வாங்குங்க.

ஒரு கணக்கு போடுவோம்

எண்கள் உதாரணத்துக்கு மட்டும், ஊருக்கு ஊர் மாறும். 42 வயது, சொந்தக் கடை, 5 லட்சம் பாலிசி. முதல் ஆபரேஷன் பில் 3,40,000. அதில் கிளெய்ம் கிடைத்தது 3,10,000. கைக்காசு 30,000. பாலிசியில் மிச்சம் 1,90,000.

40-வது நாள் சீழ். மறுபடி அட்மிட். காயத்தைத் திறந்து கழுவி, சில நாள் கழித்து மறுபடி திறந்து கழுவி, நரம்பு வழியே ஆன்டிபயாடிக், மொத்தம் 14 நாள். பில் 4,60,000. விதிப்படி கொடுக்கக்கூடியது 4,25,000. ஆனால் பாலிசியில் இருப்பது 1,90,000 மட்டும். கைக்காசு 2,70,000. இரண்டும் சேர்த்து 3 லட்சம் நம் பாக்கெட்டிலிருந்து. கடை மூடிக் கிடந்த மாதங்கள் தனி.

'என் பாலிசியில் ரெஸ்டோரேஷன் இருக்கே, தீர்ந்தால் மறுபடி நிரம்புமே' என்பீங்க. வேர்டிங்கை எடுத்துப் படிங்க. பல பாலிசிகளில் நிரம்பிய தொகை அதே நோய்க்கும் அதன் தொடர்ச்சிக்கும் கிடையாது. சிலவற்றில் உண்டு. இங்கே ஒரு வரையறை வேலை செய்கிறது. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்த தேதியிலிருந்து 45 நாளுக்குள் அதே பிரச்சினை திரும்ப வந்தால், அதை ஒரே நோயாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நம் உதாரணத்தில் இரண்டு அட்மிஷனும் ஒன்று.

இந்த 45 நாள் விதி எல்லா நேரமும் எதிரி இல்லை. இதே ஆளிடம் 5 லட்சம் டிடக்டிபிளோடு ஒரு சாதாரண டாப்-அப் இருந்திருந்தால்? டாப்-அப் ஒவ்வொரு கிளெய்மையும் தனித்தனியாகப் பார்க்கும். 3,10,000-மும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை, 4,25,000-மும் தாண்டவில்லை. தனித்தனி என்றால் பைசா வராது. ஒரே நோய் என்றால் 7,35,000, தாண்டிவிட்டது. அப்போது அந்த 45 நாள் விதியைப் பிடித்து வாதாடுங்க. சூப்பர் டாப்-அப் இருந்தால் இந்த வாதமே வேண்டாம். அது வருஷம் முழுவதும் வந்த பில்லைக் கூட்டிப் பார்க்கும். 7,35,000-ல் 5 லட்சம் பழைய பாலிசி, 2,35,000 சூப்பர் டாப்-அப். கைக்காசு 3 லட்சத்திலிருந்து 65,000-க்கு இறங்கும். டாப்-அப், சூப்பர் டாப்-அப் ரெண்டும் ஒண்ணுதானே என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

விபத்துக்குப் பிறகு ஓடிப்போய் சூப்பர் டாப்-அப் வாங்கினால் பயன் கிடையாது. உடைந்த கால் ஏற்கெனவே இருந்த பிரச்சினையாகிவிடும், அதற்கான காத்திருப்பு 36 மாதம் வரை போகலாம்.

மறைத்த சர்க்கரை

விபத்துக்கு முதல் 30 நாள் காத்திருப்பு கிடையாது. குறிப்பிட்ட ஆபரேஷன்களுக்கான காத்திருப்பும் விபத்தால் வந்தது என்றால் பொருந்தாது. அதனால் முதல் கிளெய்ம் பெரும்பாலும் சுலபமாக முடியும். இரண்டாவது அட்மிஷனில்தான் கேஸ் ஷீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அதில் 'சர்க்கரை நோய், 6 வருடமாக' என்று இருக்கும். பாலிசி எடுத்த ஃபார்மில் 'இல்லை' என்று டிக் போட்டிருக்கும். ஏஜென்ட் 'போட வேண்டாம் சார், பிரீமியம் ஏறும்' என்று சொல்லியிருப்பார். இன்ஃபெக்‌ஷனுக்குக் காரணம் சர்க்கரை, அதை மறைத்தீர்கள் என்று கிளெய்ம் நிற்கும்.

பாலிசி தொடர்ச்சியாக 60 மாதம் ஓடியிருந்தால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு காரணம் சொல்லி கிளெய்மைக் கேள்வி கேட்க முடியாது. அதற்குக் குறைவாக இருந்தால், இன்றைக்கே கம்பெனிக்கு எழுதி உண்மையைச் சேர்த்துவிடுங்க. பிரீமியம் கொஞ்சம் ஏறட்டும்.

மறு அட்மிஷனின்போது, முதல் விபத்தின் தேதி, அந்த ஆபரேஷனின் தொடர்ச்சியாக வந்த இன்ஃபெக்‌ஷன் இது என்ற விவரம், இரண்டும் டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக இருக்கணும். வெறும் 'காலில் சீழ்' என்று எழுதினால் விபத்துக்கான விலக்கு கையை விட்டுப் போகலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

எலும்பு முறிவு இன்ஃபெக்‌ஷனை டாக்டர்கள் காலத்தை வைத்துப் பிரிக்கிறார்கள்: முதல் 2 வாரத்துக்குள், 2 முதல் 10 வாரம், 10 வாரத்துக்குப் பிறகு. இப்போது பணம் வரும் காலத்தைப் பாருங்க. தமிழ்நாடு திட்டம் 48 மணி நேரம். 2025-ல் வந்த மத்திய அரசின் சாலை விபத்து கேஷ்லெஸ் திட்டம் 7 நாள், 1.5 லட்சம் வரை. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு ஆரோக்ய சஞ்சீவனி மாதிரி பாலிசியில் 60 நாள். ஒவ்வொரு கதவும் மூடிய பிறகுகூட இன்ஃபெக்‌ஷன் வரலாம்.

அந்த 60 நாளையாவது முழுசாகப் பயன்படுத்துங்க. 'பாலிசி முடிஞ்சது, இனி நம்ம காசு' என்று நினைத்து டிரெஸ்ஸிங்கைத் தெருமுனை கிளினிக்கில் முடித்துக்கொள்பவர்கள் நிறைய. ரிவ்யூ ஃபீஸ், டிரெஸ்ஸிங், ரத்த டெஸ்ட், மாத்திரை எல்லாமே கிளெய்ம் செய்யலாம். டாக்டர் சீட்டும் ஒரிஜினல் பில்லும் வேணும், அவ்வளவுதான்.

காயத்தில் கசிவு, சிவப்பு, குறைந்துகொண்டிருந்த வலி மறுபடி ஏறுவது, காய்ச்சல், இதில் எது வந்தாலும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அன்றைக்கே போங்க. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீங்க. மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே இருக்கும் கிருமி என்னவென்று டெஸ்டில் பிடிபடாமல் போகும். சரியான மருந்து தெரியாமல் வாரக்கணக்கில் பில் ஓடும்.

எந்தச் செலவு எல்லாம் உதவும் என்பதிலும் கவனம் வேணும். மேலே சொன்ன 980 பேர் ஆய்வில் சோதித்தது, வாங்கோமைசின் என்ற பழைய ஆன்டிபயாடிக்கின் பொடியைத் தையலுக்கு முன் காயத்துக்குள் தூவுவதை. 9.8 சதவீதம் 6.4 ஆனது. புள்ளியியல் எல்லையில் நிற்கும் முடிவு, ஆனால் அது ஒன்றும் அதிக விலை மருந்து இல்லை. இன்னொரு பக்கம், தைத்த காயத்தின் மேல் காற்றை உறிஞ்சும் வேக் டிரெஸ்ஸிங். பிரிட்டனில் 2020-ல் வந்த ஆய்வில் 1,500 பேருக்கு மேல், காலில் முறிவு ஆபரேஷன் ஆனவர்கள். ஆழமான இன்ஃபெக்‌ஷன் வேக் போட்டவர்களுக்கு 5.84 சதவீதம், சாதாரண டிரெஸ்ஸிங்கில் 6.68. குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. திறந்த காயத்துக்கு வேக் வேண்டியிருக்கலாம், அது வேற கதை. ஆனால் விலை அதிகம் என்பதால் பாதுகாப்பும் அதிகம் என்று நாமே முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

அதே மாதிரி இன்னொன்று. எலும்பு இன்ஃபெக்‌ஷனுக்கு ஆறு வாரம் நரம்பு ஊசி போட்டால்தான் ஆகும் என்று பலரும் நினைக்கிறார்கள். 2019-ல் பிரிட்டனில் 1,054 பேரை வைத்து நடந்த ஆய்வில், முதல் ஆறு வாரத்தில் மாத்திரைக்கு மாறியவர்களின் முடிவு ஊசிக்குக் குறைவாக இல்லை. கிருமியைப் பொறுத்து டாக்டர்தான் முடிவெடுப்பார். ஆனால் 'மாத்திரைக்கு எப்போ மாறலாம் டாக்டர்?' என்று கேட்பது உங்க உரிமை. ஒவ்வொரு அட்மிஷன் நாளும் காசு.

முட்டி பிரேஸ், வாக்கர், கிரேப் பேண்டேஜ், கையுறை, இவையெல்லாம் இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டியதில்லை என்ற பட்டியலில் இருப்பவை. கன்ஸ்யூமபிள்ஸ் ரைடர் இருந்தால் கிடைக்கலாம். பில்லை ரொக்கமாகக் கட்ட நினைப்பவர்களுக்கு: 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க ஆஸ்பத்திரிக்கு வருமான வரிச் சட்டம் தடை போடுகிறது. நாலு ரசீதாகப் பிரித்தாலும் ஒரே சிகிச்சை என்றால் அதே தடைதான்.

ரினிவல், வருமானம், கோர்ட்

படுக்கையில் இருக்கும்போது ரினிவல் தேதி தவறிப்போவது சகஜம். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் கிரேஸ் உண்டு, அதற்குள் கட்டினால் பழைய பலன்கள் தொடரும். ஆனால் கட்டாத அந்த நாட்களில் கவர் கிடையாது. அந்த இடைவெளியில் சீழ் வந்து அட்மிட் ஆனால் முடிந்தது கதை. போனில் இருந்தே கட்டிடுங்க. கிளெய்ம் வாங்கியதற்காக ரினிவலை மறுக்க முடியாது. கோபத்தில் வேறு கம்பெனிக்கு போர்ட் செய்ய இது நேரம் இல்லை, புதுக் கம்பெனி உங்களை மறுக்கலாம்.

இந்த முறிவில் 6 முதல் 12 வாரம் காலை ஊன்றவே விடமாட்டார்கள். இன்ஃபெக்‌ஷன் வந்தால் அது மாதக்கணக்கில் நீளும். 20 ரூபாய் பிரதமர் விபத்துக் காப்பீடும், பைக் பாலிசியோடு வரும் 15 லட்சம் ஓட்டுநர் விபத்துக் காப்பீடும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். வீட்டில் படுத்திருக்கும் மாதங்களுக்குப் பணம் தராது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு நோய்க்கால உதவி சம்பளத்தில் 70 சதவீதம், 91 நாள் வரை. வேலையால் வந்த காயம் என்றால் 90 சதவீதம், வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் இதில் வரும். கடைக்காரர், டெலிவரி ஓட்டுபவர், ஃப்ரீலான்ஸர் ஆகியோருக்கு இருக்கும் ஒரே வழி, வாராவாரம் பணம் தரும் தற்காலிக முழு ஊனக் கவர். தனிநபர் விபத்துப் பாலிசியில் அதைக் கேட்டுச் சேர்க்கணும். தானாக வராது.

எதிர் வண்டி மேல் தப்பு என்றால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு போடுங்க. ஆனால் சமரசத்துக்கு அவசரப்படாதீங்க. மூன்றாவது மாதத்தில் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டு, ஐந்தாவது மாதத்தில் பிளேட்டை எடுத்துக் கழுவ வேண்டி வந்தால், அந்த பில்லை மறுபடி கேட்பது ரொம்பக் கஷ்டம். எலும்பு கூடிவிட்டது, இன்ஃபெக்‌ஷன் இல்லை, பிளேட்டை எடுக்கணுமா வேண்டாமா என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, வருங்கால மருத்துவச் செலவையும் தனித் தலைப்பில் சேர்த்துப் பேசுங்க.

உங்க பாலிசியில் ரெஸ்டோரேஷன் அதே நோய்க்குக் கிடைக்குமா என்று சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புங்க. பாலிசி எண், பெயர், ஆதார் எல்லாத்தையும் மறைச்சிட்டு அனுப்புங்க, ப்ளீஸ்.